மங்கிய இலக்கங்களின் மேல் மை

கண்டியில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் இருபத்தெட்டு வருடங்கள் வரலாறு படிப்பித்தேன். படிப்பித்ததில் பெரும்பகுதி எனக்கே மறந்துவிட்டது. ஒரு கடிதம் மட்டும் மறக்கவில்லை. அது இப்போதும் என்னிடம் இருக்கிறது. ஆனால் என்னுடையதல்ல. அது எப்படி என்னிடம் வந்தது, ஒரு தடவை திருப்பிக் கொடுத்த பிறகும் ஏன் மறுபடி வந்தது என்பதை எழுதி வைக்க வேண்டும். எண்பது வயதைத் தாண்டிவிட்டேன். இனித் தள்ளிப்போடுவதில் அர்த்தமில்லை.

அப்போதைய பாடப்புத்தகத்தில் கண்டி இராச்சியத்துக்கு மூன்று அத்தியாயங்கள் இருந்தன. அரசர்கள், படையெடுப்புகள், ஒப்பந்தம், அதன் பிறகு கோப்பி, அதன் பிறகு தேயிலை. தேயிலை அத்தியாயத்தில், "தென்னிந்தியாவிலிருந்து தொழிலாளர் வரவழைக்கப்பட்டனர்" என்று ஒரு வரி. என் ஒன்பதாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் அந்த ஒரு வரிக்குள்ளிருந்து வந்தவர்கள். மற்றவர்களில் பலர் அக்குறணை, அலவத்துகொடப் பக்கத்து முஸ்லிம் பிள்ளைகள். அவர்களுக்கு அந்த ஒரு வரியும் இல்லை.

"யாரு சேர் வரவழைச்சது?" என்று ஒரு பிள்ளை கேட்டது. எனக்குத் தெரியவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து, பல்கலைக்கழகத்தில் ஐரோப்பிய வரலாறு படித்து, பிரெஞ்சுப் புரட்சியை மாதம் மாதமாகச் சொல்லக்கூடியவன் நான். மடுல்கெல்லைத் தேயிலை மலைக்கு முதல் ஆள் எந்த வழியால் நடந்து ஏறினான் என்று தெரியாது.

அதற்குப் பிறகுதான் மூலாதாரம் தேடத் தொடங்கினேன். சனிக்கிழமைகளில் பழைய சேமக்காலையில் கல்லறைக் கல்வெட்டுகளைப் பார்த்து எழுதினேன். கோயில் மணியில் பொறித்திருந்த உபயகாரர் பெயர்களைக் கரியும் கடதாசியும் கொண்டு ஒற்றி எடுத்தேன். பிறகு பிள்ளைகளிடம், "வீட்டிலை இருக்கிற பழைய கடுதாசி எதையெண்டாலும் கொண்டு வாங்கோ" என்று சொன்னேன்.

வந்தவை பலவிதம். அரிசிக் கூப்பன் புத்தகங்கள், சாதகக் குறிப்புகள், கலியாணக் கார்டுகள். மஹய்யாவையிலிருந்து வந்த பையன் ஒருவன், நகர சுத்தித் தொழிலாளியாக இருந்த தன் பாட்டனின் பித்தளை நம்பர் வில்லையைக் கொண்டு வந்தான். இன்னொருவன் முதல் நாள் செய்தித்தாளைக் கொண்டு வந்தான். "பழசுதானே சேர், நேத்தையது" என்றான். வகுப்பு சிரித்தது. ஆனால் அதையும் மேசையில் வைத்தேன்.

ஒவ்வொரு ஆதாரத்தையும் பார்த்து நான்கு கேள்விகள் கேட்க வேண்டும் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தேன். எழுதியவர் யார்? எப்போது? யாருக்காக? பிற்காலத்தில் யாராவது அதில் கை வைத்திருக்கிறார்களா? நான்காவது கேள்வியில் எனக்குத் தனிப் பெருமை இருந்தது. மற்ற ஆசிரியர்கள் அதைக் கேட்பதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கணிதம் படிப்பித்த நண்பர் ஒருவர் அலவத்துகொடையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். அவருடைய பாட்டனார், அவர்கள் பேச்சில் மூத்தவாப்பா, அரபுத்தமிழில், அதாவது அரபு எழுத்தில் தமிழாக, எழுதிய வியாபாரக் கடிதங்கள் வீட்டில் இருக்கின்றன என்று ஒரு நாள் தேநீர் குடிக்கும்போது சொன்னார். நான் விடவில்லை. கொண்டு வரும்படி ஒவ்வொரு நாளும் கேட்டேன். கடைசியில் ஒரு கொப்பித் தாளில் அழகாகப் பார்த்து எழுதிக் கொண்டு வந்தார்.

"இது நகல். எனக்கு மூலம் வேணும்" என்றேன்.

"மூலம் அலுமாரில ஈக்கி சேர். அங்கேயே ஈக்கட்டும்."

"பிள்ளையள் உண்மையான கடுதாசியைத் தொட்டுப் பார்க்க வேணாமோ?"

"முப்பத்தாறு புள்ளையள் தொட்டுப் பாத்தா உண்மை தேஞ்சி போகும் சேர்" என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்து முடித்தார். மூலாதாரத்தின் மதிப்புத் தெரியாத மனிதர் என்று அன்று அவரைப் பற்றி நினைத்தேன்.

அந்தத் தவணையில்தான் அந்தக் கடிதம் வந்தது. கொண்டு வந்தவள் மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்த மாணவி. மஹய்யாவையில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தாள். அதிகம் பேசமாட்டாள். எழுத்து மட்டும் தெளிவாக இருக்கும். கடிதம் தன் அப்பாவுடையது, அவரே கொண்டு வந்து தருவதாகச் சொன்னார் என்றாள்.

அவர் ஒரு திங்கட்கிழமை காலை வந்தார். வேட்டி, அதன் மேல் பழைய கோட்டு, கையில் குடை. கோட்டுக்குள்ளிருந்து ஒரு பால்மா டின்னை எடுத்தார். டின்னுக்குள் பிளாஸ்டிக் பை, பைக்குள் ஒரு துணி, துணிக்குள் கடிதம். இரண்டு கையாலும் நீட்டினார்.

"நம்மகிட்ட இருக்கிறதே இந்த ஒரு கடுதாசிதாங்க ஐயா. மக சொல்லிச்சு, இங்க பிள்ளைங்க படிக்கும்னு. ஒரு வாரத்துல எடுத்துக்கிறேங்க."

தோட்டத்து வெள்ளைக்காரத் துரை நாட்டை விட்டுப் போகும்போது எழுதிக் கொடுத்த கடிதம் அது. அரைப் பக்க ஆங்கிலம். இன்னார் இந்தத் தோட்டத்தில் இந்த வருடத்தில் பிறந்தவர், இவருடைய தாய் தகப்பன் அதற்கு முன்பிருந்தே இங்கே வேலை செய்தவர்கள், குடும்பம் ஒரு நாளும் தோட்டத்தை விட்டுப் போனதில்லை. கீழே கையெழுத்து. எனக்குப் புல்லரித்தது. பாடப்புத்தகத்தின் அந்த ஒரு வரிக்கு எதிரே வைக்க ஒரு முழு மனிதன் கிடைத்துவிட்டான்.

அந்தக் கடிதம் அவருக்கு என்ன என்பதும் எனக்குத் தெரியும். தெரியாதென்று சொல்லி ஒளிய முடியாது. தோட்டங்களில் பிறந்த இலட்சக்கணக்கானவர்களுக்கு அப்போது எந்த நாட்டுப் பிரஜாவுரிமையும் இல்லை. சிலர் இந்தியாவுக்கு விண்ணப்பித்தார்கள், சிலர் இந்த நாட்டுக்கு. இந்த நாட்டைக் கேட்டவர்கள் இங்கேயே பிறந்து வளர்ந்ததை எழுத்தில் காட்ட வேண்டும். அவருடைய பிறப்பை யாரும் பதியவில்லை. விசாரணைக்கு அழைக்கும்போது காட்டுவதற்கு அவரிடம் இருந்தது அந்தக் கடிதம் ஒன்றுதான்.

வகுப்பில் அதை ஒரு அட்டையில் வைத்து உயர்த்திப் பிடித்தேன். மை பழுத்து மண்ணிறமாகியிருந்தது. பிறந்த வருடத்தின் கடைசி இரண்டு இலக்கங்கள் மிகவும் மங்கியிருந்தன, மடிப்பு அந்த இடத்தில் விழுந்ததால்.

"வருசம் தெரியல்ல சேர்" என்றார்கள் பின்வரிசை வாங்கில் இருந்தவர்கள்.

நான் ஒவ்வொரு நாளும் நூறு கொப்பி திருத்துகிறவன். ஒரு பிள்ளை மங்கலாக எழுதியிருந்தால் மேலால் அழுத்தி எழுதிக் காட்டுவேன். அன்றும் கை அப்படித்தான் போனது. உருப்பெருக்கிக் கண்ணாடியால் நன்றாகப் பார்த்து, இலக்கங்களை நிச்சயப்படுத்திக்கொண்டு, சட்டைப் பையில் இருந்த பேனையால் அந்த இரண்டையும் மேலால் தொட்டேன். நீலக் கறுப்பு மை. கோடு விலகாமல், கவனமாக. முதல் வாங்கில் இருந்த அந்த மாணவி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப தெரியுதோ?"

"தெரியுது சேர்!"

வாரம் முடிந்து அவர் வந்தபோது கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாவிட்டாலும் எந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்கு மனப்பாடம். வருடம் இருக்கும் இடத்தைப் பார்த்துச் சந்தோசப்பட்டார். "இப்ப நல்லாப் பளிச்சுன்னு தெரியுதுங்களே ஐயா!"

ஓம் என்று நானும் சந்தோசப்பட்டேன்.

இரண்டு மாதம் கழித்து விசாரணைக்கு அழைப்பு வந்து அவர் மகளோடு போனார். மறுநாளே பாடசாலைக்கு வந்தார், மகளையும் வகுப்பிலிருந்து கூட்டிக்கொண்டு. ஆசிரியர் அறையில் நானும் கணித நண்பரும் இருந்தோம். கதிரையைக் காட்டினேன், அவர் உட்காரவில்லை.

"அதிகாரி மஹத்தயா கடுதாசிய சன்னலுக்கிட்ட கொண்டு போயி வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தாருங்க. எல்லாம் ஒரு மை, வருசம் மட்டும் வேற மையா இருக்கே, யாரு செஞ்சதுன்னு கேட்டாரு. பள்ளிக்கூடத்து ஐயா செஞ்சாருன்னேன். அவரு சிரிச்சாரு."

"நானும் சொன்னேன் சேர்" என்றாள் மகள். "நான் பாத்தேன்னு சொன்னேன். அப்பா சொல்லிக் குடுத்ததச் சொல்றியான்னு கேட்டார்."

"மனுசன் மோசமில்லைங்க. இன்னொரு தவண குடுத்திருக்காரு. அந்த ஐயாவக் கூட்டிட்டு வா, அவரு வாயால சொல்லட்டும், எழுதிக்கிறேன்னாரு. ஐயா ஒரு வார்த்தை வந்து சொன்னா முடிஞ்சிருங்க."

"வராமல் இருப்பனோ? ஓம், கட்டாயம் வாறன்" என்றேன்.

"இப்பவே ஒரு கடுதாசி எழுதிக் கொடுங்களே சேர்" என்றார் நண்பர். "சத்தியக் கடதாசியாச் செஞ்சி."

"ஏன் கடுதாசி? நான் நேரிலை போய்ச் சொல்லுறன். அதுதான் பலம்" என்றேன். அந்த நேரத்தில் மனதாரத்தான் சொன்னேன் என்று நம்புகிறேன்.

இடையில் எழுபத்தேழு ஓகஸ்ட் வந்தது. கலவரம். நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர், சிங்களவர், வெளிக் கதவில் பெரிய பூட்டைப் போட்டு, வீடு காலி என்று தெருவில் நின்று சொன்னார். உள்ளே நானும் மனைவியும் நான்கு நாட்கள் அடுப்பு மூட்டாமல் இருந்தோம். பிறகு தெரிந்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் சில ஊருக்குப் போய்விட்டன. எனக்குச் சம்பளமும் பென்சனும் இங்கே. பாடசாலை திறந்ததும் போனேன்.

மாணவியும் வந்தாள். தோட்டத்தில் என்ன நடந்தது என்று கேட்டேன். பக்கத்துத் தோட்டத்தில் தொழிலாளர் லயம் எரிந்தது, தாங்கள் இரண்டு நாள் தேயிலைக்குள் இருந்ததாகச் சொன்னாள். "அப்பா வேற ஒன்னும் எடுக்கல சேர். டின்ன மட்டும் தூக்கிட்டு ஓடினார்."

விசாரணையின் இரண்டாம் தவணை செப்டெம்பர் கடைசியில். காலை ஒன்பது மணி, நகரத்து அரசாங்கக் கந்தோர் ஒன்றின் மேல் மாடி. எட்டரைக்கு மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் சந்திப்பதாகப் பேசியிருந்தோம். தானும் வரட்டுமா என்று நண்பர் கேட்டார், வேண்டாம் என்றேன். அப்படியென்றால் என் முதல் இரண்டு பாடங்களைத் தான் எடுப்பதாகச் சொன்னார்.

வெள்ளைச் சட்டை போட்டு வீட்டை விட்டு இறங்கினேன். வழி முழுக்க, அதிகாரி என்ன கேட்பார், நான் என்ன சொல்வேன் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டு நடந்தேன். பெயர் என்ன? எந்தப் பாடசாலை? எந்தப் பதவி? அரசாங்க விசாரணைக்குரிய ஆவணத்தில் நீர் மை வைத்தீரா? ஓம், வைத்தேன். அதை அவர் எழுதுவார். நான் கீழே கையெழுத்து வைப்பேன். அந்த எழுத்து எங்கே போகும்? திணைக்களத்துக்குப் போகுமா? பாடசாலை அதிபர் தர நேர்முகத்துக்கு என் பெயர் அந்த வருடம் பட்டியலில் இருந்தது. கலவரம் முடிந்து நாற்பது நாள் ஆகவில்லை. யாழ்ப்பாணத்துத் தமிழன் ஒருவன் ஆவணம் திருத்தினான் என்று ஒரு கோப்பில் கிடந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தேன்.

சந்தைக்கு எதிர்ப்பக்கத்துப் புத்தகக் கடை வாசலில் நின்றேன். அங்கிருந்து அவர்கள் தெரிந்தார்கள். அவர் அதே கோட்டில். பக்கத்தில் மகள் வெள்ளைச் சீருடையில், கையில் டின். மகள் அண்ணாந்து கோபுரத்து மணிக்கூட்டைப் பார்த்து நேரம் சொன்னாள். அவர் பஸ் வரும் பக்கத்தைப் பார்த்தார். நான் பஸ்ஸில் வருவேன் என்று நினைத்திருக்கிறார். ஒரு நிமிடம் கழித்து மறுபடி நேரம் கேட்டார். அவள் மறுபடி அண்ணாந்து பார்த்தாள்.

நான் ஒரு செய்தித்தாள் வாங்கினேன். முதல் பக்கத்தை முழுவதும் வாசித்தேன். பிறகு பின் தெருவால் வீட்டுக்குத் திரும்பினேன்.

பயம் என்று மட்டும் சொன்னால் அது பாதி உண்மை. மீதியையும் சொல்லிவிடுகிறேன். அவர் ஒரு யாழ்ப்பாணத்து மனிதராக இருந்து, அது காணி உறுதியாக இருந்திருந்தால், பயந்துகொண்டாவது படியேறியிருப்பேன். தோட்டத்து ஆட்கள்தானே, ஆயிரக்கணக்கில் விண்ணப்பங்கள், ஒன்று போனால் இன்னொரு வழி பிறக்கும் என்று அந்தத் தெருவில் நடக்கும்போது என் மனம் சொன்னது. அது என் குரல்தான். வேறு யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

காய்ச்சல் என்று பாடசாலைக்குச் சொல்லி அனுப்பினேன். மூன்று நாள் வீட்டில் படுத்திருந்தேன். நான்காம் நாள் ஞாயிறு. அவர் வீட்டு வாசலில் நின்றார், மகளிடம் விலாசம் கேட்டு வந்திருந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கையில் ஒரு கடதாசிப் பொட்டலம்.

"காச்சல்னு மக சொல்லிச்சுங்க. இப்ப ஒடம்பு எப்படிங்க ஐயா?" பொட்டலத்தை என் மனைவியிடம் கொடுத்தார். கொத்தமல்லியும் மரமஞ்சள் துண்டும். "நல்லா வத்த அவிச்சுக் குடுங்கம்மா. மலக் குளிருக்கு இதுதான் கேக்கும்."

"விசாரணை என்னாச்சு?" என்று கேட்டேன்.

"ஐயா வரலைன்னதும் அவரு பைல மூடிட்டாருங்க. முடிவு தபால்ல வரும்னாரு. பரவாயில்லைங்க. ஒடம்பு சரியில்லாட்டி நீங்க என்னா பண்ணுவீங்க."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். திங்கட்கிழமையே போய் அந்த அதிகாரியைப் பார்த்திருக்கலாம். முடிவு வர ஆறு வாரம் எடுத்தது. ஆறு வாரமும் கந்தோர் திறந்திருந்தது.

திங்கட்கிழமை பாடசாலைக்குப் போனபோது நண்பர் கொப்பி திருத்திக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"சேருக்குக் காச்சல்னு சென்னாங்க."

"ஓம்."

"பேப்பர் வாசிச்சா வார காச்சல் போல. மார்க்கட் பக்கம் நிண்டதா எங்கட ஊர் புள்ளையொண்டு சென்னிச்சி." சிவப்புப் பேனையால் ஒரு கணக்கைச் சுற்றி வட்டம் போட்டார். "நான் ஒத்தருக்கும் செல்ல மாட்டேன். நீங்க போய்ச் செல்லுங்க."

நான் போகவில்லை. அதிபர் தரம் அந்த வருடம் கிடைக்கவில்லை; அடுத்த வருடமும் கிடைக்கவில்லை. அது வேறு கதை.

முடிவு வந்தது. போதிய ஆதாரம் இல்லை, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அவர் இந்தியாவுக்குப் பதிந்தார். தை மாதம் பாடசாலைக்கு வந்து, அதே டின்னைத் திறந்து, கடிதத்தை மறுபடியும் இரண்டு கையாலும் நீட்டினார்.

"இது பள்ளிக்கூடத்துலயே இருக்கட்டுங்க."

"வேண்டாம். உங்கட கடுதாசி."

"நமக்கு இனி எதுக்குங்க? அங்க போயி, நான் மடுல்கெல்லையில பொறந்தவன்னு காட்டினா, அப்ப ஏன்டா இங்க வந்தேன்னுதானே கேப்பான்?" என்று சொல்லிச் சிரித்தார். உண்மையாகவே சிரித்தார். "கந்தோர்ல இதச் செல்லாதுன்னுட்டாங்க. பிள்ளைங்களாவது படிக்கட்டும். நீங்கதாங்க இத மதிச்ச ஒரே ஆளு."

வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

இத்துடன் நிறுத்தியிருந்தால் ஒரு கோழையின் கதையாக மட்டும் இருந்திருக்கும். நான் நிறுத்தவில்லை. அடுத்த தவணையில், புதிய ஒன்பதாம் வகுப்புக்கு, அந்தக் கடிதத்தையே எடுத்துப் பாடம் நடத்தினேன். அதைப் போல ஒரு ஆதாரம் என்னிடம் வேறு இருக்கவில்லை. நல்ல பாடம். நான்கு கேள்விகளையும் எழுதிப் போட்டுப் பிள்ளைகளையே முன்னால் வந்து பார்க்கச் சொன்னேன். எழுதியவர் யார்? துரை. எப்போது? நாட்டை விட்டுப் போகும்போது. யாருக்காக? தொழிலாளி ஒருவருக்காக. நான்காவது கேள்விக்கு மஹய்யாவைப் பையன் ஒருவன் கடிதத்தின் மேல் குனிந்து நின்றான்.

"வருசத்துல மட்டும் மை வேற சேர். யாரோ மேலால எழுதியிருக்காங்க."

"கெட்டிக்காரன்" என்றேன். "பிற்காலத்துக் கை."

"யாரு சேர்?"

முப்பத்தாறு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"தெரியாது" என்றேன். "சில வேளை ஆதாரத்திலை கை வைச்சது ஆரெண்டு கண்டுபிடிக்க ஏலாது. அப்பிடியெண்டால் 'தெரியாது' எண்டு நேர்மையா எழுத வேணும்."

நேர்மையாக என்ற சொல்லை நான் சொன்னது நினைவிருக்கிறது. எல்லாரும் எழுதினார்கள்: கை வைத்தவர் தெரியாது. கொப்பிகளை எடுத்துப் போய் ஒவ்வொன்றிலும் அந்த வரிக்குச் சிவப்பு மையால் சரி போட்டேன். முப்பத்தாறு சரி.

கேள்வி கேட்ட அந்தப் பையன் அந்த மாணவியின் அத்தை மகன். அவள் அப்போது பத்தாம் வகுப்பு. இரண்டு மூன்று நாள் கழித்து, இடைவேளையில், அவனுடைய வரலாற்றுக் கொப்பியோடு ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள்.

"சேர், இதுல ஒரு பிழை இருக்கு."

பக்கத்தைத் திறந்து பிடித்தாள். விரலை அந்த வரியில் வைக்கவில்லை. அதற்கு அவசியம் இருக்கவில்லை. அறையில் இன்னும் நான்கு ஆசிரியர்கள் இருந்தார்கள். நண்பரும் இருந்தார்.

"பிறகு பார்ப்பம்" என்றேன். "நேரம் வரேக்கை திருத்துவம்."

"சரிங்க சேர்" என்றாள். கொப்பியை மூடினாள். அவள் பரீட்சை எழுதி முடித்து ஏழு மாதத்தில் கடவுச்சீட்டு வந்து, குடும்பம் ரயிலில் தலைமன்னாருக்குப் போய் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியது. பரீட்சை வரை என் பாடங்கள் எல்லாவற்றிலும் முதல் வாங்கில்தான் இருந்தாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

எண்பத்து மூன்றில் மறுபடி எரிந்தபோது நண்பர் ஒரு வேனோடு வந்து எங்களை அலவத்துகொடைக்குக் கூட்டிப் போனார். பதினொரு நாள் அவர் வீட்டில் இருந்தோம். அவசரத்தில் எதை எடுத்து வந்தீர்கள் என்று அவர் உம்மா கேட்டபோதுதான் பார்த்தேன்: என் நியமனக் கடிதம், கலியாணப் பதிவு எல்லாம் வீட்டிலேயே. கையில் இருந்தது மூலாதாரக் கோப்பு. நண்பர் அதைத் திறந்து, அந்தக் கடிதத்தைப் பார்த்து, மூடி, தன் மூத்தவாப்பாவின் கடிதங்கள் இருந்த அலுமாரியிலேயே வைத்துப் பூட்டினார். "இங்கன ஈக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். என் வீடு எரியவில்லை. எரிந்திருந்தாலும் அந்தக் கடிதம் தப்பியிருக்கும்.

யுத்த வருடங்களில் யாழ்ப்பாணத்துக்குப் போய் வர எத்தனையோ சோதனைச் சாவடிகள். ஒரு தடவை என் அடையாள அட்டையில் பிறந்த வருடம் தேய்ந்திருந்தது. இளம் சிப்பாய் ஒருவன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான், நகத்தால் சுரண்டினான். வரிசையிலிருந்து தள்ளி நிற்கச் சொன்னான். ஒரு மணித்தியாலம் நின்றேன். எனக்காகப் பேச ஒரு ஆள் வருவான் என்று பாதையைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. என்னிடம் அப்படி யாரும் சொல்லியிருக்கவுமில்லை. ஒரு மணித்தியாலத்தில் விட்டுவிட்டார்கள்.

பிறகு சட்டம் மாறியது. இந்த நாட்டில் எஞ்சியிருந்தவர்களுக்கு ஒரு சத்தியக் கடதாசியே போதும் என்றானது. அந்தச் செய்தியை வாசித்த அன்று, எப்படியோ அந்தக் கடிதம் தேவைப்படாமல் போயிருக்கும்தானே என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அவர் பத்து வருடம் பொறுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அவரைப் பொறுக்க விடாமல் அனுப்பியதே அந்த இரண்டு இலக்கங்கள்தான் என்பதால் அந்த ஆறுதல் நிற்கவில்லை.

இன்னொன்றும் உண்டு, இது வரலாறு படித்தவனுக்குத்தான் உறைக்கும். நான் இலக்கங்களைச் சரியாகத்தான் வாசித்தேன் என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் என் மை அடியிலிருந்த எழுத்தை மூடிவிட்டது. இனி யாராலும் சரிபார்க்க முடியாது. ஒரு மனிதன் பிறந்த வருடத்துக்கு இப்போது என் சொல்தான் ஆதாரம். அதை நான் கொடுக்கவில்லை.

போன வருடம் நண்பர் காலமானார். அவருடைய மகன் அலுமாரியை ஒதுக்கும்போது கோப்பைக் கண்டு எனக்குக் கொண்டு வந்து தந்தான். அதற்குப் பிறகுதான் அந்த மாணவியின் அத்தை மகனைத் தேடினேன். தேடக் கடினமாக இருக்கவில்லை. மஹய்யாவையில் அதே வீட்டில்தான் இருக்கிறான், மாநகரசபையில் எழுதுவினைஞனாக இருந்து ஓய்வு பெற்றவன். மாணவி நீலகிரிப் பக்கத்தில் இருக்கிறாள், பேரப்பிள்ளைகள் உண்டு, அப்பா இறந்து இருபது வருடம் என்றான். நடந்ததை அவனிடம் சொன்னேன். அவன் அதிசயப்படவில்லை.

"மச்சாள் அப்பவே சொல்லிச்சு சேர். கொப்பியில நான் வெட்டிட்டு, சேர்னு எழுதினேன். பரீட்சைல எழுதாதேன்னு அது சொல்லிச்சு." பிறகு, "காச்சல் பொய்னு மாமாக்குத் தெரியாது. மாமாகிட்ட அது சொல்லவே இல்ல. உங்களுக்குக் காச்சல்னே நெனச்சுக்கிட்டுப் போனார்" என்றான்.

அவன் சித்திரை மாதம் இந்தியா போகிறான். கடிதத்தைத் தன்னிடம் கொடுத்து அனுப்பும்படி அவள் சொன்னதாக, அவளோடு தொலைபேசியில் பேசிவிட்டுச் சொன்னான். வேறு ஏதாவது சொன்னாளா என்று நான் கேட்டேன். இல்லை என்றான்.

வெறும் கடிதமாக அனுப்ப மனம் வரவில்லை. சத்தியக் கடதாசி ஒன்றை நானே எழுதினேன். இந்தக் கடிதத்தில் பிறந்த வருடத்தின் கடைசி இரண்டு இலக்கங்களின் மேல் மை வைத்தவன் நான். வகுப்பில் பிள்ளைகளுக்குத் தெரிவதற்காகச் செய்தேன். கடிதத்தின் சொந்தக்காரர் சொல்லிச் செய்ததல்ல. விசாரணையில் இதைச் சொல்ல அழைக்கப்பட்டும் போகவில்லை. அன்று எனக்குக் காய்ச்சல் இருக்கவில்லை.

எங்கள் தெருமுனையில் கடை வைத்திருக்கும் சமாதான நீதவானிடம் கையெழுத்துக்குப் போனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை வாசித்தார்.

"இது எந்தக் கந்தோருக்குங்க மாஸ்டர்?"

"கந்தோருக்கு இல்லை."

"கேசு ஏதாச்சும் நடக்குதா?"

"இல்லை. முடிஞ்சு போச்சு. நாற்பது வருசத்துக்கு மேலை."

"அப்ப எதுக்குங்க சத்தியம்?" என்று கேட்டார். பிறகு கையெழுத்து வைத்தார். முத்திரையை மைப்பெட்டியில் அழுத்தி என் தாளில் குத்தினார். அதே வேகத்தில், அடியில் இருந்த துரையின் கடிதத்தையும் இழுத்து, முத்திரையை உயர்த்தினார்.

"இதுலயும் ஒன்னு போட்டுரட்டுங்களா? ஒன்னோட ஒன்னு சேந்ததுன்னு தெரியும்."

அவர் மணிக்கட்டை எட்டிப் பிடித்துவிட்டேன். என் வயதில் அந்த வேகம் எனக்கே ஆச்சரியம்.

"வேண்டாம்" என்றேன். "அதிலை இனி ஒண்டும் வைக்க வேண்டாம்."